லயம் கற்றவர் நடிக்க வந்தபோது

ஆயுத பூஜையன்று ஒசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாயிலில் வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து முடிந்தபின், மாலை வேளையில் குடியிருப்புகளிலும் கோயில் திடல்களிலும் நடைபெறும் மெல்லிசைக் கச்சேரிகளுக்குப் போய்வந்தவர்கள், பாடகரின் குரலையும் கீபோர்டுக்காரரின் விரல் லாகவத்தையும் பற்றி மறுநாள் பேசிக்கொள்வார்களேயன்றி, மேடையின் பின்புறத்தில் சிம்பல் தாங்கிகளுக்கு நடுவே பாதி மறைந்து உட்கார்ந்திருந்த டிரம்மரைப் பற்றிப் பேசுவது அபூர்வம். அவரோ கச்சேரி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம் ஒவ்வொரு அடிக்கும் சிறிது சிறிதாக முன்னே நழுவிவிடாதிருக்க அதன் எதிரே ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து, ஸ்நேர் டிரம்மின் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கி, தோலின் நாதம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். தமிழ்ப் பாட்டு, அடுத்துக் கன்னடப் பாட்டு, அதற்கடுத்துத் தெலுங்குப் பாட்டு என்று மூன்று பாஷைகளும் கலந்து வாழும் இந்த எல்லைப்புறத்துச் சபையார் எதைக் கேட்டாலும், வார்த்தை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகவேண்டிய பொறுப்பு அவருடையது.

இந்த வட்டாரத்து இளைஞர்களுக்கு மேல்நாட்டு ராக் சங்கீதத்தின்மீது ஒரு மோகம் இருப்பதற்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கர்நாடகம்; அங்கிருந்து பெங்களூரு ஒரு மணி நேரப் பயணம்; அந்த நகரமோ, 2003ஆம் ஆண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரையும், 2007இல் அயர்ன் மெய்டனையும், 2011இல் மெட்டாலிகாவையும் வரவழைத்து ஆயிரமாயிரம் பேரைத் திறந்த மைதானத்தில் கூட்டிய நகரம். 1970களின் நடுவில் சிப்காட் தோன்றி, 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும், 1987இல் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்து, ராகியும் ரோஜாவும் விளைந்த பூமி தொழில்நகரமாகிவிட்ட பிறகு, ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டீஸாகச் சேர்ந்த பையன் முதல் போனஸ் பணத்தில் கிடாரோ டிரம்ஸோ வாங்குவதும், ஷிப்ட் இல்லாத நாளில் நண்பர்களோடு வாடகை அறையில் பயிற்சி செய்வதும் இங்கே புதுமையன்று. அவர்களில் சிலருக்கு இன்னொரு கனவும் உண்டு, அது சினிமா. ‘பின்னால் உட்கார்ந்து கொட்டுகிறவனுக்கு முன்னால் வந்து நடிக்க வருமா?’ என்று வீட்டிலே கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கு மிகவும் விரிவான பதில் ஒருவருடைய ஜீவிதத்தில் இருக்கிறது. அவரும் தொழிற்சாலை அப்ரண்டீஸாக இருந்தவர் என்பதால் ஒசூர்க்காரர்களுக்கு அந்தச் சரித்திரம் அந்நியமாகத் தோன்றாது.

இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில், டிங்கில் என்னும் ஏழைத் தொழிலாளர் பேட்டையில், 1940ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி ரிச்சர்ட் ஸ்டார்க்கி பிறந்தார். பிற்காலத்தில் ரிங்கோ ஸ்டார் என்ற பெயரில் உலகம் முழுவதும் அறிந்த பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் இவர்தாம். சிறு வயதிலேயே தகப்பனார் குடும்பத்தைவிட்டுப் பிரிந்து போய்விட, தாயார் எல்ஸி மதுக்கடையில் பரிமாறும் வேலை முதலாகக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து மகனை வளர்த்தார். ஏழாவது வயது நிறைவதற்கு முன்பே குடல்வால் வெடித்து வயிறு முழுவதும் சீழ் பரவி, உயிர் பிழைப்பதே சந்தேகம் என்ற நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட அந்தக் குழந்தை, வீடு திரும்ப ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. விட்டுப்போன பாடங்களைப் பிடிப்பதற்குள், பதின்மூன்றாவது வயதில் க்ஷயரோகம் வந்து, மறுபடியும் இரண்டு வருஷம் மருத்துவமனைவாசம்.

துர்ப்பாக்கியம் என்று நாம் எண்ணும் அந்த இரண்டாவது வாசந்தான் அவருக்கு வித்தையைக் கொடுத்தது. படுக்கையிலேயே கிடக்கும் பிள்ளைகள் கை அசைத்துப் பழகவும் மனம் சோராமல் இருக்கவும், மருத்துவமனையில் ஒரு சிறு வாத்தியக் குழு நடத்தினார்கள். அதில் சேர்ந்த ஸ்டார்க்கி, குழு வராத நேரங்களில், நூல் சுற்றும் கட்டை ஒன்றைக் கொட்டுக்கோலாக வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த அலமாரியைத் தட்டித் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வேறு எந்த வாத்தியத்தின்மீதும் அவருக்கு மனம் செல்லவில்லை.

பள்ளிக்கூடம் அத்துடன் முடிந்தது. ரயில்வேயில் தூதுவராகச் சேர்ந்தார். உடல்தகுதிப் பரிசோதனையில் தேறாமல் நீக்கப்பட்டார். பயணிகள் கப்பலில் மதுபானம் பரிமாறினார், அதுவும் நீடிக்கவில்லை. கடைசியில், தாயார் மறுமணம் செய்துகொண்ட ஹாரி கிரேவ்ஸின் முயற்சியால், பள்ளிக்கூடங்களுக்குத் தேவையான சாமான்கள் செய்யும் ஹென்றி ஹண்ட் என்ற தொழிற்சாலையில் எந்திரப் பிரிவு அப்ரண்டீஸாகச் சேர்ந்தார். தொழில் கற்று முடித்துக் கையில் சான்றிதழ் வாங்கிவிட்டால் ஆயுள் முழுவதற்கும் பிழைப்புக்குக் கவலையில்லை என்று அந்தக் குடும்பம் கருதியது. ஒசூரில் ஒரு மகனுக்குப் பெரிய கம்பெனியில் பயிற்சியிடம் கிடைத்துவிட்டால் நமது தாய் தந்தையரும் அவ்வாறே கருதுகிறார்கள்.

அந்தத் தொழிற்சாலையில்தான் சகதொழிலாளியான ராய் டிராஃபோர்டு அவருக்கு ஸ்கிஃபிள் சங்கீதத்தை அறிமுகப்படுத்தினார். துணி துவைக்கும் நெளிப்பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பி கட்டிய வாத்தியம், விலை மலிவான கிடார் ஆகியவற்றைக் கொண்டே வாசிக்கக்கூடிய, ஏழைகளுக்கேற்ற அந்தச் சங்கீதம் 1950களின் நடுவில் இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளில் காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் தொழிற்சாலையின் நிலவறைக்குள் இறங்கி இருவரும் ஒத்திகை பார்ப்பார்கள். எடி மைல்ஸ் என்ற இன்னொரு தொழிலாளியும் சேர்ந்ததும் அது ஒரு குழுவாயிற்று. 1957ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு, மாற்றாந்தகப்பன் என்ற சொல்லுக்கு நம் கதைகள் ஏற்றிவைத்திருக்கும் கொடுமை சிறிதுமில்லாத ஹாரி கிரேவ்ஸ், பழைய டிரம்ஸ் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். ஒரு ஸ்நேர், ஒரு பேஸ் டிரம், சிம்பலுக்குப் பதிலாகக் குப்பைத்தொட்டியின் மூடி, அவ்வளவே. இதைப் படிக்கும்போது, ஒசூர் வாடகை அறைகளில் விரிசல் விட்ட சிம்பலை விளிம்பு தேய்த்துச் சரிசெய்து வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு மனம் நெகிழாமல் இருக்க முடியாது.

1960இல் ஒரு சந்தர்ப்பம் வந்தது. ரோரி ஸ்டார்ம் என்பவருடைய குழுவில் சேர்ந்திருந்த அவருக்கு, தொழிலாளர் குடும்பங்கள் கோடைவிடுமுறையைக் கழிக்கும் பட்லின்ஸ் என்ற உல்லாச முகாமில் மூன்று மாதம் வாசிக்க அழைப்பு. போனால் அப்ரண்டீஸ் பயிற்சியைக் கைவிடவேண்டும். வீட்டார் அனைவரும் ஒருமுகமாக எதிர்த்தார்கள். அவர் போனார். மோதிரங்கள் அணியும் வழக்கத்தால் ‘ரிங்கோ’ என்ற பெயரும், குடும்பப் பெயரின் முதல் பாதியிலிருந்து ‘ஸ்டார்’ என்ற பெயரும் அந்தக் காலத்தில் வந்தவை. அதே வருஷம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இரவுவிடுதிகளில் பீட்டில்ஸ் குழுவினரோடு பழக்கம் ஏற்பட்டது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி, பீட் பெஸ்ட் என்பவர் நீக்கப்பட்ட இடத்தில், அந்தக் குழுவின் டிரம்மராக முதன்முறையாக மேடையேறினார். அந்த மேடை இருந்த ஊர் போர்ட் சன்லைட். நம் பாட்டிமார் துணி துவைத்த சன்லைட் சோப்பின் பெயரையே அந்த ஊருக்கு வைத்தார்கள். சோப்புக் கம்பெனி தன் தொழிலாளர்களுக்காக நிர்மாணித்த ஊர் அது.

அவருடைய வாசிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாகவேண்டும், ஏனெனில் அவருடைய நடிப்பின் ரகசியமும் அதற்குள்ளேயே இருக்கிறது. பிறவியில் அவர் இடக்கைக்காரர். பாட்டியார் அதை அபசகுனமாகக் கருதி வலக்கையால் எழுதப் பழக்கிவிட்டார். ஆனால் டிரம்ஸில் உட்கார்ந்தபோது, வலக்கைக்காரர்களுக்காக அமைத்த வாத்தியத்தையே இடக்கை முந்தும் சுபாவத்தோடு வாசித்ததனால், ஒரு டிரம்மிலிருந்து இன்னொரு டிரம்முக்குக் கை தாவும்போது ஒரு நூலிழை தாமதம் ஏற்பட்டு, வேறெவரும் செய்யாத ஒரு விசித்திர லயம் பிறந்தது. தம்முடைய சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காக நெடுநேரம் தனி ஆவர்த்தனம் செய்வதை அவர் விரும்பியதே கிடையாது. பாடுகிறவன் எங்கே மூச்சு விடுகிறான், கிடார் எங்கே தயங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருந்து, வேண்டிய இடத்தில் மட்டும் கொட்டுவார். 1962 செப்டம்பரில் முதல் இசைத்தட்டுப் பதிவின்போது, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அவருடைய வாசிப்பில் நம்பிக்கை கொள்ளாமல், ஆண்டி ஒயிட் என்ற அனுபவஸ்தரை வரவழைத்து டிரம்ஸில் அமர்த்திவிட்டு, இவர் கையில் ஒரு சிறு கஞ்சிராவைக் கொடுத்து நிற்கவைத்தார். அந்த அவமானம் அவர் மனத்தில் வெகுகாலம் ஆறவில்லை. ஆயினும் வாத்தியத்தை வீசிவிட்டுப் போகாமல், கொடுத்த கஞ்சிராவைத் தாளம் தப்பாமல் தட்டினார். இந்தப் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1964இல் பீட்டில்ஸ் நால்வரையும் வைத்து ரிச்சர்ட் லெஸ்டர் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். நால்வரும் தாங்களாகவே நடித்தார்கள். கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் படம் வெளியானதும் விமர்சகர்கள் விசேஷமாகப் பாராட்டியது ரிங்கோவையே. அதற்குக் காரணமான காட்சி மிகச் சிறியது: குழுவைவிட்டுத் தனியே வெளியேறிய அவர், மேலங்கி அணிந்து, நதிக்கரை ஓரமாகத் தன்பாட்டுக்கு நடந்துபோகிறார், வழியில் ஒரு சிறுவனைச் சந்திக்கிறார், இருவரும் சிறிது நேரம் பேசுகிறார்கள், சிறுவன் போய்விடுகிறான். பின்னணியில் ‘ரிங்கோவின் கருப்பொருள்’ என்று பெயரிட்ட வாத்திய இசை மட்டும் ஒலிக்கிறது. இரவெல்லாம் கேளிக்கை விடுதியில் இருந்துவிட்டு ஒரு கண் தூங்காமல் நேரே படப்பிடிப்புக்கு வந்து நின்றதனால், சொந்த வசனத்தைச் சொல்லக்கூட அன்று தமக்குத் தெம்பில்லை என்று அவரே பின்னாளில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். ஆகையால் அந்தத் துயரத் தோற்றத்தில் களைப்புக்கும் பங்குண்டு என்பது மெய்தான். ஆனால் களைத்த மனிதர்கள் எல்லோரும் திரையில் அப்படித் தோன்றுவதில்லை. சிறுவன் பேசும்போது அவனைக் குறுக்கிடாமல் கேட்கும் அந்த முகத்தையும், பதில் சொல்லுமுன் விடும் அந்த இடைவெளியையும் பாருங்கள். பாடகனுக்கு வழிவிட்டு இரண்டு மாத்திரை காத்திருந்து கொட்டும் டிரம்மரையே அங்கே காண்கிறோம்.

அடுத்த ஆண்டு வந்த ‘ஹெல்ப்!’ வர்ணப்படம். காளியை ஞாபகப்படுத்தும் ஒரு கற்பனைத் தெய்வத்துக்கு நரபலியிடும் கூட்டத்தாரின் மோதிரம் ரிங்கோவின் விரலில் சிக்கிக்கொண்டதாகவும், அவரைப் பிடிக்க அவர்கள் துரத்துவதாகவும் கதை. நம் தேசத்து உபாசனையை இவ்வளவு அறியாமையோடு கேலிப்பொருளாக்கியதை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஆயினும் அதே படப்பிடிப்பில், உணவுவிடுதிக் காட்சிக்காக வைத்திருந்த சிதாரை, நால்வரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் கையிலெடுத்துப் பார்த்ததிலிருந்துதான், மறு வருஷம் அவர் ரவிசங்கரிடம் சிஷ்யராகச் சேர்ந்த சம்பவம் வரையில் ஒரு பாதை திறந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1968 பிப்ரவரியில் நால்வரும் ரிஷிகேசத்துக்கு வந்தபோது, குழந்தைப் பருவத்து வயிற்று நோயால் நம் உணவு ஒத்துக்கொள்ளாதென்று ரிங்கோ டப்பாவில் அடைத்த அவரையைப் பெட்டி நிறையக் கொண்டுவந்து, ஏறக்குறைய பத்து நாட்களில் ஊர் திரும்பிவிட்டார்.

படிப்படியாக அவர் தனியாகவும் படங்களில் தோன்றலானார். 1968இல் ‘கேண்டி’ என்ற படத்தில் மெக்ஸிகோ தேசத்துத் தோட்டக்காரன் வேஷம். புகழுக்காகவே கொடுத்த வேஷம், அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. 1969இல் ‘தி மேஜிக் கிறிஸ்டியன்’ படத்தில், கோடீஸ்வரனால் தத்தெடுக்கப்பட்ட அநாதை இளைஞன். அதில் கோடீஸ்வரனாக நடித்த பீட்டர் செல்லர்ஸ், இங்கிலாந்தின் மகத்தான ஹாஸ்ய நடிகர், இளமையில் நடனக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு டிரம்மர்கள் எதிரெதிரே நின்று நடித்த படம் என்ற வகையில் அதற்கு ஒரு மதிப்புண்டு. படம் என்ற வகையில் அவ்வளவாக இல்லை. அந்த இருவருக்கும் அதற்கு முன்பே சிநேகம் உண்டு: 1968இல் குழுவுக்குள் மனஸ்தாபம் முற்றி ரிங்கோ கோபித்துக்கொண்டு வெளியேறியபோது, ஸார்டினியாத் தீவருகே செல்லர்ஸின் கப்பலில்தான் சில நாட்கள் தங்கியிருந்தார், கடலடியில் கற்களைப் பொறுக்கித் தோட்டம் அமைக்கும் ஆக்டோபஸைப் பற்றிக் கப்பல் தலைவர் சொல்லக் கேட்டு அவர் ஒரு பாட்டுக் கட்டியதும் அங்கேதான்.

1970இல் பீட்டில்ஸ் குழு கலைந்தது. அதற்குப் பிறகு இத்தாலியர் எடுத்த ஒரு குதிரைவீரர் படத்தில் வில்லனின் தம்பியாக வந்தார். 1972இல் மார்க் போலன் என்ற பாடகரைப் பற்றிய ‘பார்ன் டு பூகி’ படத்தைத் தாமே டைரக்ட் செய்தார். ஆனால் நடிகரென்ற பெயரை அவருக்கு உண்மையாகவே ஈட்டித்தந்தது 1973இல் வெளியான ‘தட்’ல் பி தி டே’ என்ற ஒரே படம். கிளாட் வாட்டம் டைரக்ட் செய்தது. கதாநாயகன் டேவிட் எஸ்ஸெக்ஸ். 1950களின் கடைசியில், படிப்பை உதறிவிட்டு ஓடிவந்த ஒரு நல்ல குடும்பத்துப் பையன், விடுமுறை முகாமில் வேலைக்குச் சேர்கிறான். அங்கே அவனுக்குச் சிநேகிதனாகவும், கெட்ட வழிகளுக்குக் குருவாகவும் வாய்க்கும் மைக் என்பவன்தான் ரிங்கோ. தலைமுடியை எண்ணெய் தடவிப் பின்னால் வாரி, நீண்ட மேலங்கி அணிந்து, ராட்டினத் திருவிழாக்களில் சில்லறைக் காசைச் சாமர்த்தியமாக மறைத்து ஏமாற்றும் அந்த மைக்கை, ரிங்கோ எங்கும் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருக்கவில்லை. அப்ரண்டீஸ் வேலையை விட்டுவிட்டு அவரே கோடைதோறும் வாசித்த பட்லின்ஸ் முகாம் அது; அங்கே அவருடன் பழகியவர்கள் அந்த மனிதர்கள்; டிங்கில் தெருக்களில் அவர் போட்டுக்கொண்ட சட்டை அந்தச் சட்டை. ஆடம்பரமான எந்த பாவனையும் இல்லாமல், தோளைச் சற்றே தூக்கி, வாயின் ஓரத்தால் பேசி, பையனைப் பார்க்கும் பார்வையில் வாஞ்சையும் ஏளனமும் கலந்துவர அவர் நடித்ததைப் பார்த்தவர்கள், பீட்டில்ஸ் ஞாபகமே இன்றி மைக்கை மட்டும் கண்டார்கள். கௌரவமான ஒரு நடிகனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதே படத்தில் முகாமின் வாத்தியக் குழுவில் டிரம்மராக வருபவர், ‘தி ஹூ’ குழுவின் கீத் மூன். சுபாவத்தில் ரிங்கோவுக்கு நேர் விரோதம். அடக்கமென்பதை அறியாமல் எல்லா டிரம்மையும் ஒரே சமயத்தில் வாசிக்க முயன்றவர்போல வாசித்த மேதை. ‘டாமி’ படத்தில் அருவருக்கத்தக்க ஒரு மாமன் வேஷத்தில் நடித்தவர். 1978இல் முப்பத்திரண்டாவது வயதிலேயே இறந்துபோனார். பில் காலின்ஸின் வரலாறு இன்னும் விசித்திரமானது. ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படத்தின் கச்சேரிக் காட்சிக்காகக் கூட்டிய சிறுவர் கூட்டத்தில் ஒருவராக அமர்ந்து ரிங்கோவை நேரில் பார்த்தவர் அவர். அதே 1964இல் லண்டன் நாடக மேடையில் ‘ஆலிவர்’ நாடகத்தின் குட்டித் திருடனாக நடித்தவர். நடிப்பை விட்டு 1970இல் ‘ஜெனஸிஸ்’ குழுவின் டிரம்மராகி, பிறகு பாடகராகி, 1988இல் ‘பஸ்டர்’ படத்தில் ரயில் கொள்ளைக்காரனாகக் கதாநாயக வேஷம் ஏற்று மறுபடியும் நடிப்புக்கு வந்து சேர்ந்தார்.

ரிங்கோவின் பிந்தைய படங்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. போப்பாண்டவராகவும், மந்திரவாதியாகவும், யாரோ ஒரு டைரக்டராகவும் அவரை வேஷம் போடவைத்தவர்கள், சுவரொட்டியில் அவர் பெயரை விரும்பினார்களேயன்றி அவரை விரும்பவில்லை. 1981இல் வந்த ‘கேவ்மேன்’ ஒன்றுக்கு விலக்குக் கொடுக்கலாம். ஆதிமனிதர்களைப் பற்றிய அந்த ஹாஸ்யப் படத்தில், கற்பனையாகச் சிருஷ்டித்த ஒரு சில சொற்களைத் தவிர வசனமே கிடையாது. உடம்பின் அசைவையும் கால அளவையும் மட்டுமே நம்பி நடிக்கவேண்டும். அது ஒரு டிரம்மருக்குச் சுலபமாக வரும் காரியம். அந்தப் படத்தில் உடன் நடித்த பார்பரா பாக்கை அதே வருஷம் மணந்தார். அதற்குப் பிறகு குடிப்பழக்கம் இருவரையும் சில காலம் ஆட்டிவைத்தது. 1988இல் இருவரும் சேர்ந்தே சிகிச்சைக்குச் சென்று மீண்டு, மறுவருஷம் அவர் புதிய குழுவொன்றுடன் மேடையேறினார்.

குழந்தைகளுக்கு அவர் செய்த உபகாரத்தை மறக்கக்கூடாது. 1984இல் தொடங்கிய ‘தாமஸ்’ என்ற ரயிலெஞ்சின் தொலைக்காட்சித் தொடரின் முதல் இரண்டு தொகுதிகளுக்கும் கதை சொன்ன குரல் அவருடையது. லிவர்பூல் வாடை மாறாத, அவசரமில்லாத, சற்றே சோகம் தோய்ந்த அந்தக் குரலில், ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒவ்வொரு கதி. ரயில்வேயில் தூதுவராக நிலைக்க முடியாதவர் ரயில்களின் கதையைச் சொல்லிப் பல தேசத்துக் குழந்தைகளை உறங்கவைத்தார். 2018இல் அவருக்குப் பிரிட்டிஷ் அரசு ‘சர்’ பட்டம் அளித்தது.

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தோன்றுகிறது. எங்கெல்லாம் சினிமா அவருடைய கீர்த்தியை மட்டும் எடுத்துக்கொண்டதோ அங்கெல்லாம் அவர் வெறும் பொம்மையாக நின்றார். எங்கே அவர் உழைத்துக் கற்றதை, அதாவது கேட்கும் பொறுமையையும், கால அளவையும், முகாமிலும் தொழிற்சாலையிலும் கண்ட மனிதர்களையும் எடுத்துக்கொண்டதோ, அங்கே அவர் நடிகரானார்.

நம் பக்கத்துக்கு இது புதிய விஷயமன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் இரவு முழுவதும் ஆடும் தெருக்கூத்தில், திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரன் வெளிப்படும் அந்தக் கணத்தை நிர்ணயிப்பது மிருதங்கக்காரனுடைய விரல். கூத்தாடியின் காலில் சலங்கை. அடவும் தாளமும் பிசகினால் மன்னனென்றும் பாராமல் பின்பாட்டுக்காரர்களே முகம் சுளிப்பார்கள். கோயில் திருவிழாவில் பம்பைக்காரர், மரத்தாலும் பித்தளையாலுமான இரண்டு கொட்டுகளை ஒன்றாகக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டு, குச்சியால் அடித்தபடியே கரகத்தின் முன்னால் ஆடி, அம்மன் கதையில் அம்மனாகவும் அசுரனாகவும் மாறி மாறிப் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு, கொட்டுகிறவன் வேறு, நடிக்கிறவன் வேறு என்ற எண்ணமே தோன்றாது.

தமிழ் சினிமாவிலோ பெரும்பாலும் எதிர்த்திசைப் பயணம்தான் நடந்திருக்கிறது. 1983இல் ‘மிருதங்க சக்கரவர்த்தி’ படத்தில் சிவாஜி கணேசன் மிருதங்க வித்வானாக நடித்தார். 2019இல் வெளியான ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாளமயம்’ படத்துக்காக ஜி.வி. பிரகாஷ் குமார் உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் பயின்றார். நடிகர் தாளத்திடம் போன கதைகள் இவை. தாளத்திலிருந்து நடிப்புக்கு வந்தவர் என்று நம்மிடையே சுட்டிச் சொல்லத்தக்கவர் தர்புகா சிவா. எகிப்திலும் துருக்கியிலும் வழங்கும், கிண்ணம்போல் இடை குறுகிய ஒருமுகக் கொட்டான தர்புகாவின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்ட அவர், சென்னையில் ‘யோதகா’, ‘லா பொங்கல்’ முதலிய குழுக்களில் வாசித்தவர். 2015இல் ஏ.ஜி. அமித் இயக்கிய ‘ராஜதந்திரம்’ படத்தில், சிறு சிறு மோசடிகள் செய்து பிழைக்கும் மூன்று நண்பர்களில் ஒருவராக அவர் நடித்ததைப் பார்த்தபோது, வசனம் வந்து விழும் வேகத்திலும் அது நிற்கும் இடத்திலும் ஒரு கொட்டுக்காரரின் காது வேலை செய்வதை உணர முடிந்தது. அந்தக் கதையிலும் கதாபாத்திரங்கள் சில்லறை ஏமாற்றுக்காரர்களாக அமைந்தது, மைக்கை அறிந்தவர்களுக்குத் தற்செயலான ஓர் ஒற்றுமையாகத் தோன்றும்.

ஆனால் அவர் நடிப்பிலேயே நின்றுவிடவில்லை. அடுத்த ஆண்டே சசிகுமார் நடித்த ‘கிடாரி’க்கு இசையமைத்தார், 2017இல் கௌதம் மேனனின் ‘எனை நோக்கி பாயும் தோட்டா’வுக்காக ‘மறுவார்த்தை பேசாதே’ என்ற பாடல் வெளிவந்தபோது, இசையமைத்தவர் பெயரைச் சொல்லாமல் ‘மிஸ்டர் எக்ஸ்’ என்றே அறிவித்து, ஊரே யாரென்று கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில் அவர் மறைவிலேயே இருந்தார். 2022 ஜனவரியில் ‘முதல் நீ முடிவும் நீ’ என்ற படத்தை எழுதி இயக்கி, 1990களின் பள்ளிக்கூட நட்பைத் திரையில் கொண்டுவந்தார்.

வேறொரு திசையில் போனவரும் உண்டு. சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம், 1970களில் ‘ஹியூமன் பாண்டேஜ்’ என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்துவிட்டு, பெங்களூருவில் டி.ஏ.எஸ். மணி 1964இல் ஸ்தாபித்த கர்நாடக தாளவாத்தியக் கல்லூரியில் சேர்ந்து தவில் பயின்று, ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் குடியேறி, தவிலையும் டிரம்ஸையும் ஒருங்கே வாசித்துப் பெயர் பெற்றார். ஒசூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நடந்த இந்தப் பரிமாற்றத்தை நம்மவர்கள் போதிய அளவு போற்றவில்லை என்பது என் வருத்தம்.

ஆகவே ஒசூரிலோ பர்கூரிலோ சூளகிரியிலோ டிரம்ஸ் வாசிக்கும் ஒரு பிள்ளை நடிக்கப்போகிறேன் என்று சொன்னால், முதலில் அவனுக்கு ‘தட்’ல் பி தி டே’ படத்தைக் காட்டச் சொல்வேன், ‘ஹெல்ப்!’பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கடுத்துப் பக்கத்து ஊரில் கூத்து நடக்கும் இரவில், முன்வரிசையை விட்டு மிருதங்கக்காரர் அருகில் உட்காரச் சொல்வேன். நம் டைரக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: மூன்றாம் ஷிப்ட் முடித்து வந்து, உறக்கம் தொலைத்து, மூன்று பாஷைப் பாட்டுக்கும் தாளம் போடும் ஓர் எல்லைப்புற டிரம்மரை மையமாக வைத்து நல்லதொரு தமிழ்ப்படம் இன்னும் வரவில்லை. அப்படியொரு வேஷத்தை எழுதுகிறவர்கள், அதற்கு ஆள் தேடச் சென்னையிலே கூடும் நடிகர் தேர்வுகளுக்குப் போகாமல், ஒசூரின் பேடரப்பள்ளிப் பக்கத்து வாடகை அறைகளின் கதவைத் தட்டிப் பார்க்கவேண்டும்.